மாலையில் குறையும் கொழுப்பு

கேள்வி: வீட்டு எடைக் கருவி காலையில் கொழுப்பு 34 சதவீதம் என்றது. நாள் முழுக்க மஞ்சள் காட்டில் நின்றுவிட்டு வந்து ஏறினால் 31. கரைந்துவிட்டதா டாக்டர்?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இல்லை அம்மணி. அது கொழுப்பை நேராக அளப்பதில்லை. பாதம் வழியே மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பித் தடையைப் பார்க்கிறது. தசையில் முக்கால்வாசி உப்புக் கலந்த நீர். மின்சாரம் எளிதாகப் பாயும். கொழுப்பில் நீர் குறைவு, தடை அதிகம். வயது, உயரம், எடையைச் சேர்த்து மீதியைக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். நின்று நின்று உங்கள் காலில் நீர் இறங்கியிருக்கும். தடை குறைந்து, கொழுப்பும் குறைந்ததாகக் காட்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் பாருங்கள். அப்புறம், என் அப்பாவுக்கு பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் மின்கருவி) வைத்த பிறகு அவரை இதில் ஏற்றுவதே இல்லை. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து ஏற்றாதீர்கள்.