கடல் தண்ணி புளிக்குதா? கேட்டதுக்கெல்லாம் பதில்

கடல் மாடலிங்ல (கடல் எப்படி மாறும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பாக்குறது) வேலை பாக்குறேன்னு சொன்னதும் கேள்வி குவிஞ்சிருச்சு, முடிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

கேள்வி: அக்கா, கடல் ஆசிடா மாறுதாமே, குளிச்சா தோல் எரியுமா?

எரியாதுப்பா. புளிப்பை அளக்குற பிஹெச் 8.2 இருந்தது 8.1 ஆயிருக்கு, 7க்குக் கீழ போனாத்தான் ஆசிட். ஆனா இது லாக் கணக்கு, அதாவது பிஹெச் 1 இறங்குனா புளிப்பைத் தர்ற ஹைட்ரஜன் அயனி 10 மடங்கு ஆகும், 0.1 இறங்குனாலே அது 26 சதவீதம் கூடிரும். நாம விடுற கார்பன் டை ஆக்சைடுல கால்வாசியை கடல் உறிஞ்சிக்குது, அதோட விலைதான் இது.

கேள்வி: நாளைக்கு மழை வருமான்னே உறுதியா சொல்ல மாட்டேங்குறீங்க, 2100ல கடல் எப்படி இருக்கும்னு மட்டும் எப்படி மேடம்?

உலைல எந்தக் குமிழி எப்ப வெடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, அடுப்பைக் கூட்டி வெச்சா கொதிக்கும்னு யாரும் சொல்லலாம், ரெண்டும் வேற வேற கேள்வி. 19ஆம் நூற்றாண்டு கடைசியோட ஒப்பிட்டா, புகையை ரொம்ப குறைச்சா இந்த நூற்றாண்டு கடைசில பிஹெச் சுமார் 0.16 இறங்கும், கண்டபடி விட்டா சுமார் 0.44. உலகத்துல இருக்குற பெரிய மாடல் எல்லாம் இதுல கிட்டத்தட்ட ஒரே நம்பர் சொல்லுது. ஆனா கடல்ல பாசி எவ்வளவு வளரும்னு அதே மாடல்கள்கிட்ட கேளுங்க, ஒண்ணு கூடும்ங்குது இன்னொண்ணு குறையும்ங்குது. வேதியியல் கெட்டி, உயிர் கணக்குதான் ஆட்டம்.

கேள்வி: அப்ப மாடலுக்குள்ள மீன் இருக்கா இல்லையா?

பெரும்பாலும் இல்லைங்க :) சத்து, பாசி, பாசியைத் தின்னுற நுண்ணுயிர், செத்து விழுற கழிவு, எளிய மாடல்ல இந்த நாலு பெட்டிதான். எது எதை எவ்வளவு வேகமா தின்னும்ங்குறதுக்கு நாம ஒரு நம்பர் போடுறோம், அதை லேசா மாத்துனாலும் விடை எங்கயோ போயிரும். மீன் வேணும்னா தனி மாடலை இது மேல ஏத்தணும், கீழ இருக்குற மாடலோட தப்பும் சேர்ந்து ஏறும். அடுத்த வருஷம் மத்தி எவ்வளவு படும்னு யாராவது கிலோ கணக்குல அடிச்சுச் சொன்னா நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: இதெல்லாம் பேப்பர்ல மட்டும்தானா, யாருக்காவது உதவிருக்கா?

அமெரிக்காவுல ஒரேகான் கரை. 2007, 2008ல அங்க சிப்பிக் குஞ்சு பொரிக்கிற பண்ணைல கூட்டம் கூட்டமா குஞ்சு செத்துச்சு, மொதல்ல கிருமின்னுதான் நினைச்சாங்க. பாத்தா தண்ணிதான் காரணம். காத்து அடிக்கிறப்ப ஆழத்துத் தண்ணி மேல வரும், அதுல கார்பன் டை ஆக்சைடு ஜாஸ்தி, முட்டைல இருந்து வந்த மொத ரெண்டு நாள்ல ஓடு கட்ட வேண்டிய குஞ்சுக்கு ஓடு கட்டவே முடியல. இப்ப தண்ணியை அளந்து பாத்து, வெயில்ல பாசி கார்பனை இழுத்துக்குற மதிய நேரத்துல தொட்டியை நிரப்புறாங்க, தேவைப்பட்டா புளிப்பைக் குறைக்க சலவை சோடா கலக்குறாங்க. வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மாடல் அந்தப் பக்கத்துக் கடல் நிலவரத்தை சில நாள் முன்னாடியே சொல்லுது. எனக்கு உறுத்துறது என்னன்னா, மேல வர்ற அந்தத் தண்ணி கடைசியா காத்தைத் தொட்டது 30, 50 வருஷத்துக்கு முன்னாடி, அதனால அதுக்கப்புறம் நாம விட்ட புகை இனிமேதான் அங்க மேல வரும்.

கேள்வி: நம்ம மன்னார் வளைகுடா பவளப்பாறைக்கு ஏதாவது இருக்கா அக்கா?

கடல் சூடானா பவளம் நிறம் போய் வெளுத்துரும், அதுக்கு எச்சரிக்கை இருக்கு, ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்குற கடல் தகவல் மையம் சாட்டிலைட் அளக்குற கடல் வெப்பத்தை வெச்சு சொல்லுது. அமெரிக்காவோட கடல், வானிலை அமைப்பான நோவா போடுற கணக்கு சிம்பிள், அந்த இடத்துல வழக்கமா கடல் ரொம்ப சூடா இருக்குற மாசத்தோட வெப்பத்தை விட 2 டிகிரி கூட 2 வாரம் இருந்தா 4 புள்ளி, 4 வந்தா வெளுக்கும், 8 வந்தா சாவு. 2010, 2016 ரெண்டு தடவையும் மன்னார்ல வெளுத்துச்சு. ஆனா உலக மாடல்ல ஒரு கட்டம் 100 கிலோமீட்டர், நம்ம 21 தீவும் அதுல காணாமப் போயிரும், சின்ன கட்ட மாடல்தான் வேணும்.

கேள்வி: டேட்டா எங்க இருந்து வருது?

பிஹெச் சாட்டிலைட் கண்ணுக்குத் தெரியாது. கப்பல் போய் அளக்கணும், இல்ல ஆர்கோங்குற தானா இயங்குற மிதவை, 10 நாளைக்கு ஒரு தடவை 2000 மீட்டர் ஆழத்துல இருந்து மேல ஏறி வந்து செய்தி அனுப்பும், அதுலயும் கொஞ்சத்துலதான் பிஹெச் கருவி இருக்கு.

கேள்வி: நான் எம்.எஸ்சி., இந்த வேலைக்கு வர என்ன படிக்கணும்?

பைத்தான், கொஞ்சம் ஃபோர்ட்ரான், ரெண்டும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுற மொழி. ஆனா மொதல்ல மாடலை 2016க்கு ஓட்டி, அன்னைக்கு நிஜமா அளந்த வெப்பத்தை அது மேல வரைஞ்சு பாருங்க. கோடு ரெண்டும் எங்க பிரியுதோ அங்கதான் உங்க புராஜெக்ட் இருக்கு.