தம்பி பெயரில் டிரஸ்ட்: ஏஜென்டுக்கு எதற்கு 60,000?

கேள்வி: நாங்கள் கேரள எல்லையை ஒட்டிய புளியரைக்காரர்கள். மனநோயோடு போராடிய என் தம்பி போன வருடம் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் பெயரில் டிரஸ்ட் தொடங்கி, எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு உதவ ஆசை. ஆரியங்காவுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் செய்ய வேண்டும். கேரளாவில் தனியாகப் பதிய வேண்டுமா? துபாயில் இருக்கும் சித்தி மகனும் லண்டன் மாமாவும் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். ஒரு ஏஜென்ட் எல்லாவற்றையும் முடித்துத் தர 60,000 ரூபாய் கேட்கிறார். ஆதார், பான் நகல் கொடுத்துவிட்டேன்.

பதில்: ஒரே டிரஸ்ட் போதும் சகோதரி. இங்கே பதிந்த பத்திரம் கோட்டைவாசல் எல்லையைத் தாண்டினால் செல்லாமல் போய்விடாது. ஆனால் பத்திரத்தில் 'செயல்படும் எல்லை இந்தியா முழுவதும்' என்று இருக்க வேண்டும். ஏஜென்டுகள் பழைய பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றி, 'தென்காசி மாவட்டம்' என்று அடித்து வைத்துவிடுவார்கள். பிறகு அதைத் திருத்த அலைவது நீங்கள்தான்.

அந்த 60,000-க்கு என்ன தருகிறாராம்? சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரப் பதிவு, டிரஸ்ட் பெயரில் பான், வருமான வரித் துறையில் 12ஏ (டிரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) விண்ணப்பம், தர்ப்பன் (தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசு இணையதளம்) பதிவு. பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் உண்டு, ரசீது கேளுங்கள். 12ஏ, 80ஜி விண்ணப்பத்துக்கும் தர்ப்பனுக்கும் அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. அதிலும் முதலில் கிடைப்பது 3 ஆண்டுக்கான தற்காலிகப் பதிவுதான். 'நிரந்தர 80ஜி வாங்கித் தருகிறேன்' என்றால் அது பொய்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இணையத்தில் பதியும்போது ஏஜென்ட் தன் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுவார். அப்புறம் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். ஒவ்வொரு வருடமும் கணக்குத் தாக்கல் செய்ய அவர் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும். சிலர் தங்கள் ஆளையே அறங்காவலராகச் சேர்த்துவிடுவதும் உண்டு. 80ஜி வந்த பிறகு, 'ஒருவர் 5 லட்சம் செக் தருவார், கமிஷன் போக ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள்' என்று வருவார்கள். வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மாட்டினால் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். சித்தி மகன் துபாயில் இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் அல்லவா? அவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். லண்டன் மாமா பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டாரா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டுப் பணம்தான். கோயில் கொடைக்கு ஊருக்கு வந்து, வேட்டி கட்டிக்கொண்டு, ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அப்படித்தான். அதை வாங்க எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு டிரஸ்ட் 3 ஆண்டு இயங்கி, சேவைக்காக 15 லட்சமாவது செலவு செய்திருக்க வேண்டும். தொடங்கும்போதே எஃப்சிஆர்ஏ பதிவு வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம். மாமா பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் போட்டுத் திருப்பிவிடும் யோசனையும் வேண்டாம்.

தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் மட்டும் இப்போது தொடங்காதீர்கள். இரண்டு பேரை வைத்துக்கொண்டாலும், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அந்த வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில மனநல ஆணையத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் முதல் முறையே 5,000 முதல் 50,000 வரை அபராதம். 2001-ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் இல்லத்தில் 28 பேர் தீயில் இறந்த பிறகும் பதிவில்லாத இல்லங்களை நடத்துகிறார்கள். அதிகாரிகள் அதைப் பார்ப்பதில்லை. உங்கள் 80ஜி விண்ணப்பத்தில் ஒரு எழுத்து மாறினால் மட்டும் திருப்பி அனுப்புகிறார்கள்!

நோயாளியோடு அரசு மருத்துவமனைக்குத் துணை போவது, மாத்திரை நின்றுபோகாமல் பார்ப்பது, 14416 இலவச மனநல உதவி எண்ணை வீடு வீடாகச் சொல்வது, உறவை இழந்த குடும்பங்களைக் கூட்டிப் பேசுவது: இதற்கெல்லாம் மனநல ஆணையப் பதிவு தேவையில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் செய்யலாம்.

கொடுத்த ஆதார், பான் நகல்களை இந்த வாரமே திருப்பி வாங்குங்கள். உங்கள் பெயரில் ஏதாவது விண்ணப்பம் போட்டுவிட்டாரா என்றும் கேளுங்கள். போட்டிருந்தால், அதில் உள்ள செல்போன் எண் யாருடையது என்று முதலில் பாருங்கள்.