நெப்போலியனை ஏய்க்கச் சூட்டிய கேலிப்பெயரா?

அன்புள்ள ஐயா,

நான் நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரில் பணிபுரிகிறேன். என் அலுவலகத் தோழர் ஒருவரின் குடும்பப்பெயர் நாக்ட்கெபோரன். ‘அம்மணமாகப் பிறந்தவன்’ என்று பொருளாம். நெப்போலியனின் ஆட்கள் குடும்பப்பெயரைக் கேட்டு வந்தபோது முன்னோர் குறும்பாக எழுதிக்கொடுத்தது என்று அவரே சொல்லிச் சிரித்தார். மிகவும் ரசித்தேன். என் மகளுக்கு எந்தக் குடும்பப்பெயரைப் பதிவது என்ற குழப்பத்தில் இருக்கிறேன். தங்கள் கருத்தை அறிய ஆவல்.

ம., ஐந்தோவன்

அன்புள்ள ம.,

மகளின் பெயருக்கான விதிகளை நகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பெயரானாலும் அவள் பழகிக்கொள்வாள். நீங்கள் ரசித்த அந்தக் கதைதான் என்னை எழுதவைத்தது.

1810இல் ஹாலந்தைப் பிரான்சுடன் இணைத்துக்கொண்ட நெப்போலியன், குடும்பப்பெயர் இல்லாதோர் ஒன்றைப் பதிந்தாகவேண்டும் என்று 1811 ஆகஸ்ட் 18 அன்று ஆணையிட்டது உண்மை. படைக்கு ஆளெடுக்கவும் வரி தண்டவும் யார் எவர் என்று தெரியவேண்டியிருந்தது. ஆனால் மேற்கிலும் தெற்கிலும் பெரும்பாலோருக்கு முன்பே குடும்பப்பெயர் இருந்தது. ஆணை முக்கியமாகத் தொட்டது ஃப்ரீஸ்லாந்து போன்ற வடக்கு, கிழக்கு மாகாணங்களை. அங்கே நம்மைப் போலவே தகப்பன் பெயர்தான் வழக்கம்: யான் பீட்டர்ஸின் மகன் பீட்டர் யான்ஸ்.

ஃப்ரீஸ்லாந்தின் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. தேர்ந்தெடுத்த பெயர், ஊர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களின் வயது, கீழே ஒரு கையொப்பம் அல்லது எழுதத் தெரியாது என்ற குறிப்பு. பெயர்களோ டைக்ஸ்ட்ரா, டெர்ப்ஸ்ட்ரா என்று அணைக்கரையிலும் மேட்டிலும் குடியிருந்ததைச் சொல்பவை. பேரப்பிள்ளைகளின் வயதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிந்த கிழவர், அவர்கள் காலமெல்லாம் சுமக்கவேண்டிய பெயரை விளையாட்டாகவா சொல்லியிருப்பார்? பலர் பதியவே போகவில்லை என்பதும் உண்மை. நெப்போலியன் வீழ்ந்தபின், 1825இல் நெதர்லாந்து அரசர் முதலாம் வில்லியம் மறுபடி ஆணையிடவேண்டியிருந்தது. குடியானவன் அரசுக்குக் காட்டும் எதிர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வரமாட்டான்.

உங்கள் தோழரின் பெயர் அந்த ஆணைக்கு முன்பே இருந்தது. தகப்பன் இறந்தபின் பிறந்த பிள்ளையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லொன்று டச்சு நாவில் திரிந்து அப்படி ஆயிற்று என்பதே பெயராய்வாளர்கள் தரும் விளக்கம். என்னுடன் படித்த பையன் ஒருவன், தகப்பன் போன மூன்றாம் மாதம் பிறந்தவன். ‘அப்பனை முழுங்கினவன்’ என்று தெருவில் பெரியவர்களே அவன் காதுபடச் சொல்வார்கள். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது, தன் பெயருக்கு முன்னால் தகப்பனின் தலைப்பெழுத்து ஒலித்ததும் குனிந்து சிலேட்டைத் துடைக்கத் தொடங்குவான். காய்ந்த சிலேட்டைத்தான் துடைப்பான். அப்படியொரு பிள்ளையின் பெயராக இருந்திருக்கக்கூடியதை வைத்துக்கொண்டு, அந்த நாட்டிலேயே குடியிருக்கும் நீங்கள், ஓர் ஆவணத்தையும் புரட்டாமல் சிரித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அரசனை ஏய்த்த குடிமகனின் கதை எந்த ஊரிலும் இனிக்கும்தான். அதற்காக ஏழைகளின் பெயர்களையெல்லாம் கோமாளித்தனமாக்கிவிட வேண்டுமா?

தோழர் மீது எனக்குக் கோபமில்லை. சிறுவயதிலிருந்து பிறர் சிரிப்பதற்கு முன் தானே சிரித்துவிடப் பழகியிருப்பார். ஒரு விடுமுறை நாளில் அவரை ஆவணக்காப்பகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1811க்கு முந்தைய தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளில் அவர் குடும்பத்தைத் தேடுங்கள். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.