கின்னஸா, லயனா, ஏபிசியா: கறுப்பு பியரில் எதில் தொடங்கலாம்?

"கின்னஸ் குடித்துப் பார்த்தேன், ஒரே கசப்பு. இலங்கையின் லயன் ஸ்டவுட்டும் சிங்கப்பூரின் ஏபிசியும் அதைவிட நன்றாக இருக்கும் என்கிறார்கள். உண்மையா? புதிதாகக் குடிப்பவர் எதில் தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

லயனில் தொடங்குங்கள். சிறிய பாட்டில், ஒன்றே ஒன்று, ஐஸ் போடாமல். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

நான் மதுரைக்காரன். சிங்கப்பூருக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஊரில் இருந்தவரை பியர் என்றால் மஞ்சளாக இருக்கும், பல் கூசுகிற அளவுக்குச் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இலக்கணம். இங்கே வந்த பிறகு அலுவலக நண்பர்கள் இருவரால் கறுப்பு பியர்ப் பைத்தியம் பிடித்தது. ஒருவர் ஈப்போக்காரர், மற்றவர் கண்டிக்காரர். ஈப்போக்காரருக்கு ஸ்டவுட் என்றால் கின்னஸ், மற்றதெல்லாம் சாயத்தண்ணீர். கண்டிக்காரரிடம் லயனைக் குறை சொல்லிவிட்டால் அன்றைக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார். நான் ஏபிசி கட்சி. அதற்குப் பெரிய ரசனைக் காரணம் எதுவும் இல்லை, வீட்டுக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் அதுதான் கிடைக்கும்.

வாக்குவாதம் முற்றிப்போய் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டிலேயே பந்தயம் வைத்தோம். மூன்றையும் என் மனைவி சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, அடியில் எண் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் ஒரு டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கருப்பட்டிக் காப்பி மாதிரியில்ல இருக்கு" என்றாள். அன்று நடந்த பரிசோதனையில் உருப்படியான ஒரே கருத்து அதுதான், அது லயன்.

நாங்கள் மூன்று நிபுணர்களும் முதல் சுற்றில் மண்ணைக் கவ்வினோம். பாட்டில்கள் குளிர்பெட்டியின் பின்சுவரை ஒட்டி இருந்தவை. கிட்டத்தட்ட உறையும் பதம். கின்னஸை நான் ஏபிசி என்றேன். ஈப்போக்காரர் லயனை முகர்ந்து, "இதுதான் டப்ளின்!" என்று கின்னஸின் சொந்த ஊரைச் சொல்லிச் சத்தியம் செய்தார். கண்டிக்காரர் பேசாமல் இருந்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து அதே டம்ளர்களை எடுத்தபோது மூன்றும் தனித்தனியாகப் பேசத் தொடங்கின. குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்துவிடும், மணத்தையும் மேலே எழ விடாது. மஞ்சள் லாகருக்கு அது பரவாயில்லை. ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். நம் ஊர் வெயிலில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தாலே போதும்.

சரி, உங்கள் கின்னஸுக்கு வருவோம். நீங்கள் குடித்தது எந்தக் கின்னஸ் என்று சொல்லவில்லை. இது முக்கியம். உள்ளே சின்னப் பிளாஸ்டிக் பந்து உருளும் டின் என்றால் அது கின்னஸ் டிராட். வெறும் 4.2 சதவீதம். சாதாரண கிங்ஃபிஷர் 4.8 சதவீதம் என்பதைப் பார்த்தால், அந்தக் கறுப்பு டின்தான் சாது. நுரை வெண்ணெயாக இருப்பதற்குக் காரணம் நைட்ரஜன். அதில் கசப்பு பெரிதாகத் தெரியாது. எனவே நீங்கள் குடித்தது பாட்டிலில் வரும் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். டப்ளினில் தயாராவதும் நைஜீரியாவில் தயாராவதும் 7.5 சதவீதம்; மலேசியாவில் தயாராவது அதைவிடக் குறைவு. பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு.

நிறத்தை வைத்து போதையைக் கணக்கிடுவது நம்மில் பலர் செய்யும் தப்பு. கறுப்பு நிறம் வறுத்த தானியத்திலிருந்து வருகிறது. கின்னஸில் வறுத்த பார்லி மொத்தத் தானியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், அந்தப் பத்தில் ஒன்றே முழுப் பாத்திரத்தையும் கறுப்பாக்கிவிடும். போதை வேறு கணக்கு. லயன் 8.8 சதவீதம். 330 மில்லி பாட்டிலில் 29 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 650 மில்லி கிங்ஃபிஷர் முழு பாட்டிலில் இருப்பது 31 மில்லி. அதாவது கையில் இருப்பது சின்னக் குப்பி, உள்ளே போவது கிட்டத்தட்ட ஒரு பெரிய பாட்டில். மேலே "ஒன்றே ஒன்று" என்று சொன்னது இதனால்தான்.

மூன்றையும் ஒரே தராசில் வைப்பதே தவறு என்பது எனக்குப் பந்தயத்துக்கு அப்புறம்தான் புரிந்தது. பியர் போட்டி நடுவர்களுக்கென்று அமெரிக்காவில் பிஜேசிபி என்றோர் அமைப்பு இருக்கிறது. அவர்கள் 2015ல் வெளியிட்ட வழிகாட்டியில் "டிராப்பிகல் ஸ்டவுட்" என்பது தனி வகை. உதாரணமாகச் சொல்லப்படும் பியர்களில் லயன், ஏபிசி, ஜமைக்காவின் டிராகன் மூன்றும் உண்டு. கின்னஸ் பாட்டில் அதற்கு அடுத்த வகையான "ஃபாரின் எக்ஸ்ட்ரா"வில் வருகிறது. கசப்பை அளக்கும் ஐபியூ கணக்கில் முதல் வகை 30 முதல் 50 வரை, இரண்டாவது 50 முதல் 70 வரை. உங்கள் நாக்கு பொய் சொல்லவில்லை. கின்னஸ் கசப்பதற்கென்றே செய்யப்பட்டது, மற்ற இரண்டும் இனிப்பதற்கென்று.

இந்தப் பிரிவு எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்ற பழுப்பு பியர்தான் கூலித் தொழிலாளிகளின் பானம். அதில் வலுவானதை "ஸ்டவுட் போர்ட்டர்" என்றார்கள். பிறகு "போர்ட்டர்" என்ற வால் அறுந்து "ஸ்டவுட்" என்ற தலை மட்டும் மிஞ்சியது. 1817ல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தைக் கருக்காமல் கறுப்பாக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். காப்பிக்கொட்டை வறுக்கிற இயந்திரத்தின் அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் இன்றைய கரிய நிறம். ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் என்ற வெளிர்நிற பியர், இந்தியாவுக்காகவே பிறந்தது என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கப்பலேறி இந்தியாவுக்கு வந்ததில் போர்ட்டர்தான் அதிகம். ஐபிஏ துரைமாருக்கு, போர்ட்டர் சிப்பாய்களுக்கு. எண்ணிக்கையில் யார் அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கின்னஸ் தன் பங்குக்கு 1801ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று, பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைக் கூட்டி வலுவான போர்ட்டர் ஒன்றைச் செய்யத் தொடங்கியது. இன்றைய ஃபாரின் எக்ஸ்ட்ராவின் தாத்தா அதுதான். நீண்ட கடல் பயணத்தில் கெடாமல் இருக்க ஹாப்ஸும் ஆல்கஹாலும் கூடுதலாக வேண்டும். கசப்பின் மூலம் அங்கே இருக்கிறது. வெப்பநாடுகளில் இந்த ருசி பழகிப்போக, உள்ளூர் ஆலைகளும் தங்கள் பங்குக்கு ஸ்டவுட் செய்ய இறங்கின. அவர்களிடம் இருந்ததோ மஞ்சள் லாகரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட். அதை வழக்கமான குளிரில் வைக்காமல் கொஞ்சம் வெதுவெதுப்பிலேயே நொதிக்க விட்டார்கள், சர்க்கரையும் சேர்த்துக்கொண்டார்கள், கசப்பைக் குறைத்தார்கள். இனிப்பும் பழவாசனையும் கொண்ட, வழுக்கிக்கொண்டு இறங்குகிற ஒன்று பிறந்தது. கின்னஸ் செய்யத் தெரியாமல் கெட்டுப்போன பண்டம் இல்லை இது, தனிக் குடும்பம்.

கின்னஸ் நிறுவனமும் வெளிநாடுகளில் ஆலை போட்டது. 1962ல் நைஜீரியாவில் லாகோஸ் அருகே இக்கேஜாவில் ஒன்றைத் திறந்தது. மலேசியாவின் சுங்கைவே ஆலை 1965ல். ருசி மாறாமல் இருக்க டப்ளினிலிருந்து கெட்டியான கறுப்புச் சாறு ஒன்றை அனுப்புகிறார்கள். உள்ளூரில் காய்ச்சும் பியரோடு அதைச் சேர்த்தால் கின்னஸ். ஊரிலிருந்து அம்மா அனுப்பும் சாம்பார்ப்பொடியை வைத்து நான் இங்கே சமைப்பது மாதிரிதான். பருப்பும் தண்ணீரும் இங்கத்தையது, கைமணம் மதுரை.

இப்போது ஒவ்வொன்றாக.

ஏபிசி என்பது ஆர்க்கிபெலாகோ புரூயிங் கம்பெனியின் சுருக்கம். ஜெர்மானியர்கள் 1931ல் சிங்கப்பூரில் தொடங்கிய ஆலை. அதே வருடம் ஹைனக்கனும் ஃபிரேசர் அண்ட் நீவும் கூட்டாக மலாயன் புரூவரீஸைத் தொடங்கி, மறுவருடம் டைகர் பியரைக் கொண்டுவந்தார்கள். போர் வந்ததும் ஜெர்மன் சொத்து எதிரிச் சொத்தானது. 1941ல் அதை மலாயன் புரூவரீஸே வாங்கிக்கொண்டது. இப்படிக் கை மாறிய பெயர் இன்று 8 சதவீத ஸ்டவுட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கம்போடியாவில் இதற்கு இங்கே இருப்பதைவிட மவுசு அதிகம். ருசி என்று கேட்டால், முதல் வாயில் வெல்லப்பாகு, அப்புறம் கொஞ்சம் கருகிய ரொட்டி, கடைசியில் ஆல்கஹாலின் சூடு. பின்னாடி பெரிதாக ஒன்றும் இல்லை. நான் இத்தனை வருடம் கட்டிக்காத்த கட்சி இதுதான், இருந்தாலும் மூன்றில் இதற்கு மூன்றாவது இடம்தான். காப்பிக்கடையில் ஐஸ் குவளையோடு கொண்டுவந்து வைப்பார்கள். ஐஸோடு குடிக்கத்தக்க ஒரே ஸ்டவுட்டும் இதுதான். சம்பல் தடவி வாழையிலையில் சுட்ட திருக்கையோடு சேர்ந்தால் மட்டும் என் பழைய விசுவாசம் திரும்பி வந்துவிடும்.

கின்னஸ் பாட்டில் சாப்பாட்டுப் பானம். தனியாகக் குடித்தால் கஷாயம். மட்டன் சுக்காவோ நண்டு மிளகு வறுவலோ பக்கத்தில் இருந்தால் அந்தக் கசப்பும் லேசான புளிப்பும் கொழுப்பை அறுத்துக்கொண்டு போகும். அடுத்த கவளத்துக்கு வாய் தயாராகிவிடும். பாலில்லாத கடுங்காப்பி பிடித்தவர்களுக்கு இது கடைசியில் பிடித்துப்போகும்; அவசரப்படவேண்டாம்.

ஈப்போக்காரரின் தாத்தா பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சம்பள நாளில் ஒரு பாட்டில் வாங்கி, அதில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் குடிப்பாராம், உடம்புக்குத் தெம்பு என்று. மலேசியாவில் இது பலர் வீட்டுக் கதை. பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுத்தவர்களும் உண்டு. 1929ல் கின்னஸ் தன் முதல் விளம்பரத்திலேயே உடம்புக்கு நல்லது என்றுதான் ஆரம்பித்தது. உண்மையில் அதில் இரும்புச்சத்து பேருக்குத்தான். முட்டையில் இருந்த தெம்பு பியர் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

லயனின் வேர் நுவரெலியாவில். 6,000 அடிக்கு மேல் உள்ள அந்தக் குளிரும் ஊற்றுத் தண்ணீரும் பியர் காய்ச்சத் தோதாக இருந்தன. தேயிலைத் தோட்டத் துரைமார் காலத்திலிருந்தே அங்கே ஆலை இருந்தது. பின்னால் கொழும்புக்கு அருகே பியகமவுக்கு மாறியது. 2016 மே வெள்ளத்தில் அந்த ஆலை மூழ்கி உற்பத்தி நின்றபோது கண்டிக்காரர் துக்கம் அனுசரித்தார் என்றே சொல்லலாம். இந்த ஸ்டவுட்டை உலகம் கவனிக்கக் காரணம் மைக்கேல் ஜாக்சன். பாடகர் இல்லை, பியரைப் பற்றி எழுதியே பேர் வாங்கிய இங்கிலாந்துக்காரர், 2007ல் காலமானார். கண்டியில் கைப்பம்பால் இறைத்து ஊற்றும் ஸ்டவுட்டைக் குடித்துப் பார்த்து அவர் எழுதியதுதான் வெளிநாட்டு ரசிகர்களை இந்தப் பாட்டில் பக்கம் திருப்பியது.

டம்ளரில் ஊற்றினால் நுரை காப்பிப்பொடி நிறத்தில் நிற்கும். கருப்பட்டி, பேரீச்சை, உலர்ந்த திராட்சை, நடுவில் கசப்புச் சாக்லேட். 8.8 சதவீதம் என்பது தொண்டையில் தெரியாது, எழுந்து நிற்கும்போது தெரியும். இனிப்பு அதிகம் என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. இரண்டாவது பாட்டில் திகட்டும். பலகாரத்தோடு பியரா என்று கேட்காதீர்கள். தீபாவளிக்கு மிஞ்சிய மைசூர்பாகோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். வலுவான ஸ்டவுட் சீக்கிரம் கெடாது என்று நம்பி, வெயில்படும் கண்ணாடி அலமாரியில் பல மாதம் நின்ற பாட்டிலை ஒரு கடையில் நான் வாங்கினேன். திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. முழுதாகத் தொட்டியில் ஊற்றினேன். கடையின் பெயர் வேண்டாம், எந்த பியர் என்பதும் வேண்டாம். தப்பு பியர் மேல் இல்லை.

நீங்கள் பெங்களூரு பக்கம் என்றால் பாட்டிலைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. இந்திராநகரில் டாய்ட் என்ற மதுக்கூடத்தில் டார்க் நைட் என்ற ஸ்டவுட்டை அங்கேயே காய்ச்சி ஊற்றுகிறார்கள். அது ஐரிஷ் பாணி, அதனால் கசப்பை மீண்டும் சந்திக்கவேண்டி வரும். லயனுக்கு அப்புறம் போங்கள்.

சிங்கப்பூரில் இருந்தால் ஒன்றே ஒன்று: இரவு பத்தரைக்கு மேல் கடைகளில் விற்கமாட்டார்கள். எங்கள் இரண்டாவது பந்தயம் பத்தே முக்காலுக்கு ஸ்டவுட் தீர்ந்துபோய், மூன்று பேரும் சுக்குக் காப்பி குடித்து முடிந்தது.