மேடையில் காணாமல் போன கசூ

கேள்வி: கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து பாடிய குழுக்கள் புகழ்பெறும் முன் ஏறிய மேடைகளில் உங்களுக்குப் பிடித்தது எது?

என் ஓட்டு மில்ஸ் சகோதரர்களுக்குத்தான்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிக்குவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்தவரின் பிள்ளைகள் ஜான், ஹெர்பர்ட், ஹாரி, டொனால்ட். நால்வரும் 1910க்கும் 1915க்கும் இடையில் பிறந்தவர்கள். அப்பாவும் நால்வர் குழு ஒன்றில் பாடியவர்தான். பையன்கள் தேவாலயத்தில் பாடினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர்களுக்குப் பாடிக் காட்டி, கசூவும் வாசிப்பார்கள்.

கசூ ஒன்றும் பெரிய வாத்தியம் இல்லை. சின்ன வயதில் சீப்பின் மேல் மெல்லிய தாளை வைத்து, உதட்டோடு ஒட்டிப் பாடியிருப்பீர்களே? தாள் அதிர்ந்து உதடெல்லாம் கூசும். அதே சங்கதிதான். (பாட்டியின் சீப்பை எடுத்து அப்படி ஊதி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

சரி, மேடைக்கு வருவோம். உள்ளூர் மேஸ் ஆப்பரா ஹவுஸில் ஒரு போட்டி. மேடையில் ஏறிய பிறகுதான் ஹாரிக்குத் தெரிகிறது, கசூவைக் காணோம்! கூட்டம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. பையன் இரண்டு கைகளையும் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, குரலாலேயே டிரம்பெட் மாதிரி வாசித்துவிட்டான். அண்ணன் தம்பிகளுக்கு அது பிடித்துப்போனது. அதன் பிறகு ஹெர்பர்ட் இரண்டாவது டிரம்பெட், டொனால்ட் டிராம்போன், கட்டைக்குரல் ஜான் டியூபா. நிஜ வாத்தியம் என்று இருந்தது ஜான் வாசித்த கிதார் ஒன்றுதான்.

கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த நமக்கு வாயால் வாசிப்பது புதிதல்ல. ஆனால் நான்கு பேர் ஆளுக்கொரு ஊதுவாத்தியமாகி, சுருதி பிசகாமல் ஒன்றாக இழைவது வேறு வித்தை. ஒரே வீட்டுக் குரல்கள் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதே அரங்கில், ரின் டின் டின் என்ற நாய் நடித்த படங்களுக்கு நடுவே எல்லாம் பாடியிருக்கிறார்கள். 1928இல் ஒரு இசைக்குழுவோடு சேர்ந்து சின்சினாட்டி வானொலி நிலையத்துக்குக் குரல் தேர்வுக்குப் போனார்கள். நிலையம் இசைக்குழுவை வேண்டாம் என்றுவிட்டுப் பையன்களை மட்டும் எடுத்துக்கொண்டது. திரும்பி வரும்போது அந்தக் குழுவினரின் முகம் எப்படி இருந்திருக்கும்! அப்புறம் நியூயார்க், 1931இல் 'டைகர் ராக்' இசைத்தட்டு, பெரும்புகழ்.

அந்தப் பாட்டை முதன்முதலில் ஹெட்போனில் கேட்டபோது, பின்னால் யாரோ டிரம்பெட் வாசிக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னேன். அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கும் இதே சந்தேகம் வந்திருக்கும் போல. அதனால்தானோ என்னவோ, 'ஒரு கிதாரைத் தவிர வேறு எந்த இசைக்கருவியும் இயந்திரமும் பயன்படுத்தப்படவில்லை' என்று அவர்களுடைய இசைத்தட்டுகளின் லேபிளிலேயே அச்சடித்து விற்றார்கள்.