பழைய ரைபிள் கைக்கு வந்தால்: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சீருடைப் பணியில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவராக, முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்று, இப்போது கடலூர் முதுநகரில் வசிக்கும் நான் பதில் எழுதுகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு துப்பாக்கிக்குச் சான்று கொடுக்க என்னால் இயலாது. எங்கே பார்க்க வேண்டும், எதைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

விருத்தாசலம் வாசகர்: உறவினர் ஒருவரின் .315 இஷாப்பூர் ரைபிள் முறைப்படி என் உரிமத்தில் ஏறியிருக்கிறது. இருபது ஆண்டுகளாக யாரும் சுடவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும் ஐயா?

மேகசினைக் கழற்றி, போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் தாழ்ப்பாளை) திறந்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் சுண்டு விரலாலும் பாருங்கள். பிறகு போல்ட்டை முழுதாக வெளியே எடுத்துவிட்டு, வாசலில் நின்று, பின்பக்கத்திலிருந்து குழல் வழியாக வானத்தைப் பாருங்கள். இதை நான் எல்லோருக்கும் சொல்வேன், திரும்பத் திரும்பச் சொல்வேன். நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியின் வாயிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, குளவி ஒன்று மண்கூட்டைக் கட்டி அடைத்துவைத்திருந்ததை என் கையாலேயே சுரண்டி எடுத்திருக்கிறேன். அப்படி அடைபட்ட குழலில் சுட்டால் குழல் ஓரிடத்தில் உப்பும், அல்லது வெடித்துப் பிளக்கும். உள்ளே மோதிரம் போல ஒரு நிழல் வட்டம் தெரிந்தால், முன்பே ஒருமுறை அப்படி நடந்து குழல் உப்பியிருக்கிறது என்று பொருள்; அந்தக் குழலோடு அதைச் சுடக்கூடாது.

அடுத்தது போல்ட். இந்த ரைபிள் லீ என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளின் அமைப்பில் செய்யப்பட்டது. போல்ட் பூட்டிக்கொள்ளும் இடங்கள் பின்பகுதியில் இருக்கின்றன. போல்ட் கைப்பிடியின் அடியில் உள்ள எண்ணையும் உடலில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். எண்கள் வேறுபட்டால் போல்ட் வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது, ஆகவே ஹெட்ஸ்பேஸ் (அது என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்) அளக்காமல் ஒரு தோட்டாவும் போடக்கூடாது. பூட்டும் புடைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள்; நன்றாகத் துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஒரு கறுத்த கோடு எழும். பட்டறையில் விலையுயர்ந்த கருவி இல்லாத நாளில் எங்களைக் காப்பாற்றியது இந்த முறைதான்.

ஹெட்ஸ்பேஸ் என்பது, போல்ட் மூடிய நிலையில் அதன் முகத்துக்கும், தோட்டாவின் விளிம்பு முன்னே முட்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. .303 ராணுவ ரைபிளுக்கு 0.064 அங்குலம் குறைந்தபட்சம், தோட்டாவுக்குப் பதிலாக 0.074 அங்குல அளவியை (அளவு பார்க்கும் இரும்புத் துண்டை) வைத்தும் போல்ட் மூடிவிட்டால் அந்த ரைபிள் கழிவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கால் மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டின் கனம். இதைக் கண்ணால் அளக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. அந்தந்தத் தோட்டாவுக்கு உரிய அளவி வைத்திருக்கும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக, முன்கட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். மேலே கறுப்பாகப் பளபளக்கும் குழல், மரத்துக்கு அடியில் அம்மைத் தழும்பு விழுந்தது போல் துருப்பிடித்துக் கிடப்பது நம் கடலோரத்தில் சகஜம். தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் துப்பாக்கிகளையும் இப்படிப் பார்ப்பது நல்லது.

பண்ருட்டி வாசகர்: இவ்வளவும் எதற்கு? பழைய டயரில் ரைபிளைக் கட்டி, ட்ரிக்கரில் கயிறு போட்டு, பலா மரத்துக்குப் பின்னால் நின்று இழுத்தால் தெரிந்துவிடுமே. எங்கள் தாத்தா அப்படித்தான் செய்தார்.

உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அந்த ஒரு வெடியில் துப்பாக்கி உடையவில்லை. விரிசல் விட்ட இரும்பு ஒரே அடியில் முறிய வேண்டும் என்று கட்டாயமில்லை. அடிக்கு அடி வளர்ந்து ஐம்பதாவது வெடியில் முறியலாம், அப்போது கயிற்றுக்கு இந்தப் பக்கம் உங்கள் கன்னம் கட்டையில் ஒட்டியிருக்கும்.

நெய்வேலி வாசகர்: உரிமத்தை என் பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்?

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். நான் இரும்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை வாசகர்: பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்த பெரியப்பா விட்டுச்சென்ற 16 காலிபர் இரட்டைக்குழல் உரிமத்தில் இருக்கிறது. இப்போது கிடைக்கும் தோட்டாக்கள் எளிதாக உள்ளே போகின்றன. சுடலாமா?

இது ரைபிள் இல்லையென்றாலும் நல்ல கேள்வி. எளிதாக உள்ளே போவதுதான் இதில் பொறி. பழைய பிரெஞ்சு 16 காலிபர் துப்பாக்கிகளில் பலவற்றின் சேம்பர் 65 மில்லிமீட்டர். இக்காலத் தோட்டாவின் நீளம் 70. ஆனால் அந்த 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகான அளவு. மடித்து மூடிய நிலையில் தோட்டா குட்டையாக இருப்பதால் சமர்த்தாக உட்காரும். சுடும்போது மடிப்பு விரிந்து, சேம்பருக்கு முன்னால் குறுகும் இடத்தில் நுழைந்து வழியை நெரிக்க, அழுத்தம் ஏறும். எனவே சேம்பரை அளக்காமல் சுடாதீர்கள். குழலின் அடியில், கிரீடத்தின் கீழே பே, தே (PT) என்ற இரண்டு பிரெஞ்சு எழுத்துகள் இருந்தால், அது புகையற்ற மருந்துக்குச் சோதிக்கப்பட்ட குழல். அந்த முத்திரை இல்லாவிட்டால் சுடும் பேச்சே வேண்டாம். குழல்களைத் தனியே கழற்றி, அவற்றின் அடியில் உள்ள கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். மணி போல் ஒலி நீண்டால் இரண்டு குழல்களையும் இணைக்கும் பற்று உறுதியாக இருக்கிறது. உடைந்த சட்டி போல் ஒலித்தால் எங்கோ விட்டிருக்கிறது. குளவிக் கூட்டையும் பார்த்துவிடுங்கள்.

பண்ருட்டி வாசகர்: இங்கிலாந்திலேயே புதுத் துப்பாக்கியைச் சுட்டுத்தானே சோதித்து முத்திரை குத்தினார்கள்? நான் சுட்டால் மட்டும் தவறா?

அவர்கள் வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டாவைச் சுட்டார்கள். அத்தோடு விடாமல், சுட்ட பிறகு குழலையும் போல்ட்டையும் மறுபடி அளந்து பார்த்த பின்பே முத்திரை குத்தினார்கள். நீங்கள் சாதாரணத் தோட்டாவைச் சுட்டுவிட்டு டயரை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்கள். கயிறு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு, அனுமதி பெற்ற சுடுதளத்தில், முதல் சில வெடிகளை அப்படிச் சுடுவது நல்லது. ஆனால் அங்கே பார்க்க வேண்டியது வெளியே வந்து விழும் வெற்றுக் கேஸை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டை.

சிதம்பரம் வாசகர்: .303 தோட்டாவை .315இல் போடலாமா?

கூடாது. குழலில் பொறித்ததும் தோட்டாவில் பொறித்ததும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தேவனாம்பட்டினம் வாசகர்: சுட்ட பிறகு தேங்காய் எண்ணெய் விட்டே துடைக்கிறேன். ஆனாலும் இரண்டு நாளில் குழல் சிவந்துவிடுகிறது. கடற்காற்றா?

கடற்காற்றும் ஒரு காரணம். முதற்காரணம் பழைய தோட்டாவின் கேப்பில் (அடியில் பொறி பற்றவைக்கும் சிறு மூடியில்) இருக்கும் பொட்டாசியம் குளோரேட். அது எரிந்து பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் படிகிறது. சமையல் உப்பு மழைக்காலத்தில் நீர் விடுவது போல இதுவும் காற்றின் ஈரத்தை இழுக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். சுட்ட அன்றே பின்பக்கத்திலிருந்து புனல் வைத்துக் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். குழல் சூடேறித் தானே உலரும். அதன் பிறகு துப்பாக்கி எண்ணெய் போடுங்கள். தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு உதவாது.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: உரிமத்தைப் புதுப்பிக்க…

நெய்வேலிக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

வில்லியனூர் வாசகர்: வாங்கிய ரைபிளில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

விருத்தாசலத்துக்கு எழுதியதை முழுதாகப் படியுங்கள். அங்கே சொல்லாத ஒன்று: காலித் துப்பாக்கியில் சேப்டி போட்டு ட்ரிக்கரை இழுத்து, கையை எடுத்துவிட்டுச் சேப்டியை விடுவியுங்கள். அப்போது தானாக அடித்தால் அந்தச் சேப்டி பெயருக்குத்தான் இருக்கிறது.

பண்ருட்டி வாசகர்: சரி ஐயா, கேஸில் என்னதான் பார்ப்பது? போன வாரம் சுட்டவை என்னிடம் இருக்கின்றன.

அடிவிளிம்பிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே, வெளிப்புறத்தில் பளிச்சென்று ஒரு வளையம் ஓடுகிறதா என்று பாருங்கள். மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலே இழுங்கள். அந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் பித்தளை இழுபட்டு மெலிந்திருக்கிறது. அது அறுந்தால் வெடிமருந்தின் புகையும் நெருப்பும் உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும்.

பண்ருட்டி வாசகர்: ஐந்து கேஸில் மூன்றில் தட்டுகிறது.

அப்படியானால் ஹெட்ஸ்பேஸ் அளக்கும்வரை அந்த ரைபிளில் இன்னொரு தோட்டாவை ஏற்றாதீர்கள், டயரில் கட்டியும் வேண்டாம். அந்த ஐந்து கேஸ்களையும் தூக்கி எறியாமல் ரைபிளோடு பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.