வாசகர் கேள்வி-பதில்: வீட்டில் ஒப்பிக்கிறான், மைதானத்தில் மறந்துவிடுகிறான்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். 9ஆம் வகுப்பு படிக்கும் மகன், பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவன்). யார் எங்கே ஓடுவது என்று படம் போட்டுக் காட்டும் பிளேபுக்கில் 60 ஆட்டங்கள். வீட்டில் வரிசையாகச் சொல்கிறான். மைதானத்தில் தப்பான பக்கம் ஓடித் திட்டு வாங்குகிறான். என்ன செய்யலாம்?

பதில்: வரிசையாகச் சொல்வதுதான் வினையே. வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஒப்பிக்கிற பிள்ளையிடம் ‘ஏழெட்டு எவ்வளவு?’ என்றால், ஓரேழு ஏழிலிருந்து முணுமுணுக்க ஆரம்பிக்கும் அல்லவா? மைதானத்தில் அதற்கு நேரமில்லை.

60 படங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆட்டத்தின் பெயரைப் பிரிக்கத் தெரிந்தால் போதும். ‘ஐ ரைட், 34 டைவ், ஆன் டூ’ என்கிறார்கள் என்று வையுங்கள். ‘ஐ ரைட்’ என்பது யார் எங்கே நிற்பது. 34இல் 3 என்பது பந்தைச் சுமந்து ஓடும் ஃபுல்பேக் என்கிற ஆட்டக்காரன். 4 என்பது அவன் புகும் சந்து: இரட்டை எண்கள் வலப்பக்கம், ஒற்றை எண்கள் இடப்பக்கம். முன்வரிசையில் மறித்து நிற்கும் வலது கார்டுக்கும் வலது டேக்கிளுக்கும் நடுவே உள்ளதுதான் 4. ‘ஆன் டூ’ என்றால் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) கத்தும் இரண்டாவது ‘ஹட்’ சத்தத்தில் கிளம்ப வேண்டும். இதை மறந்து முதல் சத்தத்திலேயே பாய்ந்தால் 5 கஜம் அபராதம். பந்து தனக்கு வராத ஆட்டம்தானே என்று ரிசீவர் சும்மா நிற்கவும் கூடாது. எதிரே நிற்கும் எதிரணித் தடுப்பாளனை (கார்னர்பேக்) மறிப்பது அவன் வேலை.

பந்தை எறியும் பாஸ் ஆட்டங்களில் அவன் ஓடும் பாதைக்கும் எண் உண்டு. பரவலான முறையில் 2 ஸ்லான்ட் (சட்டென்று சாய்வாக உள்ளே), 5 அவுட் (வெளியே திரும்புவது), 8 போஸ்ட் (தூரம் ஓடிச் சாய்வாக உள்ளே), 9 நேர் ஓட்டம். 9 நீங்கலாக, ஒற்றை எண் என்றால் மைதானத்தின் பக்கவாட்டு எல்லைக்கோட்டுப் பக்கம், இரட்டை என்றால் நடுப்பக்கம். பயிற்சியாளருக்குப் பயிற்சியாளர் எண்கள் மாறும். அவர் புத்தகமே வேதம்.

நாளைக்கு 5 ஆட்டம் போதும். சீட்டில் பெயரை மட்டும் எழுதிக் குலுக்குங்கள். பையன் வெற்றுத்தாளில் 11 பேரையும் வரைந்து, பிறகு புத்தகத்தோடு ஒப்பிடட்டும். அடுத்து ஹாலில் நிற்க வைத்து, பத்துத் தடவை குதிக்கச் சொல்லி, மூச்சு வாங்கும்போது ஒரு சீட்டைப் படியுங்கள். மூன்று விநாடிக்குள் சரியான திசையில் முதல் அடி விழ வேண்டும். அதே ஆட்டத்தை இடம் வலம் மாற்றியும் கேளுங்கள். தப்பான பக்கம் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டுமே படித்தவர்கள்.

கேள்வி: பாதை சரி, ஆனால் பந்து வருவதற்குள் எதிராளி வந்துவிடுகிறான். வந்தாலும் கையில் பட்டு நழுவுகிறது.

பதில்: 10 கஜ ‘அவுட்’ பாதையை 8 கஜத்திலேயே திருப்புகிறானா என்று பாருங்கள். குவார்ட்டர்பேக் ஆளைப் பார்த்து எறிவதில்லை. ஆள் வந்து சேர வேண்டிய இடத்துக்கு எறிகிறார். இன்னொன்று, திரும்பும் இடத்தில் வட்டமடிப்பது. அந்த வளைவின் உள்பக்கமாக எதிராளி குறுக்கே புகுந்துவிடுவான். இடுப்பைத் தாழ்த்தி, திரும்பும் திசைக்கு எதிர்ப்பக்கக் காலை ஊன்றி, ஒரே வெட்டாகத் திரும்ப வேண்டும். 10 கஜத்தில் ஒரு செருப்பைப் போட்டுவைத்துப் பழக்குங்கள்.

நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் கண். பந்து கைக்கு வருமுன்பே ஓட வேண்டிய பக்கம் பார்க்கிறான். நெஞ்சுக்கு மேல் வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் சேர வேண்டும், இடுப்புக்குக் கீழே வருவதற்குச் சுண்டுவிரல்கள். பிடித்த பந்தை அக்குளில் இடுக்கும்வரை கண் அதன் மேலேயே இருக்கட்டும்.

கேள்வி: எடை கூட்டப் புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு முட்டை, பருப்பு, தயிர் போதும். எட்டு மணி நேரம் தூங்கச் சொல்லுங்கள்.